‘கேஸ்ட்ரிக்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கிருமி

எங்கள் செபராங் ஜெயாவில் தெருக்களுக்கு மீன் பெயர் வைத்திருக்கிறார்கள். தெங்கிரி, தொடாக் என்று வரிசையாக வரும். அந்தத் தெருக்களில் எந்தத் தமிழர் வீட்டுக் கதவைத் தட்டி, “இங்கே யாருக்காவது கேஸ்ட்ரிக் உண்டா?” என்று கேட்டாலும் ஒருவராவது கையைத் தூக்குவார். பள்ளியிலும் அப்படித்தான். சபைகூடலின்போது ஒரு மாணவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ஆசிரியர் கேட்பதற்கு முன்பே பக்கத்தில் நிற்பவள் பதில் சொல்லிவிடுவாள்: “கேஸ்ட்ரிக் டீச்சர், காலையில பசியாறல.”

அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. ஆங்கிலத்தில் ‘கேஸ்ட்ரிக்’ என்றால் ‘இரைப்பையைச் சார்ந்த’ என்று மட்டுமே பொருள். அது எந்த நோயின் பெயரும் இல்லை. முழங்கால் வலிக்கும் ஒருவர் “எனக்கு முழங்கால்” என்று சொல்லிவிட்டுப் போனால் நாம் சிரிப்போம். “எனக்கு கேஸ்ட்ரிக்” என்றால் மட்டும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறோம். சொன்னவருக்கும் நிம்மதி, கேட்டவருக்கும் நிம்மதி. ஏன் வலிக்கிறது என்ற கேள்வியை அதன்பின் யாரும் கேட்பதில்லை.

என் அம்மாவுக்கு அந்த நிம்மதி பதினோரு ஆண்டுகள் நீடித்தது. நேரத்துக்குச் சாப்பிடாததுதான் காரணம் என்றார்கள் உறவினர்கள். சம்பால் காரம்தான் காரணம் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கிளினிக்கில் வெள்ளை நிறத் திரவ மருந்து கொடுப்பார்கள். இரண்டு கரண்டி குடித்தால் சற்று நேரம் அடங்கும், பிறகு மீண்டும் எரியும். ஒருநாள் மலம் தாரைப் போலக் கறுத்துப் போனது. வாந்தியில் காப்பித்தூள் போல ஏதோ வந்தது. இரண்டுமே வயிற்றுக்குள் இரத்தம் கசிவதன் அறிகுறிகள் என்பது அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியாக இரைப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் சோதனை அது. உள்ளே அல்சர் இருந்தது. இரைப்பைச் சுவரிலிருந்து கிள்ளி எடுத்த ஊசிமுனை அளவுத் துணுக்கை மஞ்சள் நிறக் கூழில் வைத்தார்கள். கூழ் இளஞ்சிவப்பாக மாறிவிட்டது என்று மருத்துவர் சொன்னார்.

அந்த நிறமாற்றத்தை நீங்கள் வேதியியல் கூடத்தில் லிட்மஸ் தாளில் பார்த்திருப்பீர்கள். கூழில் யூரியாவும் ஒரு நிறங்காட்டியும் இருக்கும். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா யூரியேஸ் என்னும் நொதியைச் சுரந்து யூரியாவை உடைக்கிறது. அப்போது அம்மோனியா உண்டாகி, கூழ் காரத்தன்மை அடைந்து நிறம் மாறுகிறது. இரும்பு ஆணியையே அரிக்கக்கூடிய இரைப்பை அமிலத்துக்கு நடுவில் இந்தக் கிருமி பிழைத்திருப்பதும் இதே தந்திரத்தால்தான். தன்னைச் சுற்றி அம்மோனியாவால் ஒரு சிறு குடை பிடித்துக்கொண்டு, இரைப்பைச் சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்துக்குள் திருகாணிபோலத் துளைத்துப் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிகிச்சை செய்யாவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அங்கேயே இருக்கும்.

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த கதையை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் 1979இல் அதை நுண்நோக்கியில் பார்த்தார். 1982இல் பேரி மார்ஷலும் அவரும் அதை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி உண்டாவதை நிரூபித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மன உளைச்சலும் காரமும்தான் அல்சருக்குக் காரணம் என்ற பழைய நம்பிக்கை அதோடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் அது இன்னும் முடியவில்லை. (மூட்டு வலிக்காக நாள்தோறும் விழுங்கும் சில வலி மாத்திரைகள் அல்சருக்கு இன்னொரு முக்கியக் காரணம். பாட்டிக்கு வயிறு வலித்தால் அவருடைய மருந்துப் பையையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.)

அம்மாவுக்குக் கிருமி இருப்பது தெரிந்த பிறகுதான் நான் அதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அல்சரைவிட என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு செய்தி. இதே கிருமி ஒருவகைப் புற்றுநோயை வளர்க்கிறது. அந்தப் புற்றுநோயைச் சாதாரண ஆண்டிபயாட்டிக் மாத்திரைகளாலேயே மறையச் செய்ய முடிகிறது. புற்றுநோய் என்றால் அறுவை, கதிர்வீச்சு, முடி கொட்டும் மருந்து என்று நினைத்திருந்த எனக்கு இதை நம்பவே நாளாயிற்று.

அதன் பெயர் இரைப்பை நிணநீர்ப் புற்றுநோய். மருத்துவர்கள் மால்ட் லிம்போமா என்பார்கள். இரைப்பைச் சுவரின் சொந்த உயிரணுக்களில் தோன்றும் வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் வேறு, இது வேறு. இது பி அணுக்கள் எனப்படும் வெள்ளை அணுக்களில் தோன்றுகிறது. பி அணுக்கள் நம் உடலின் காவலர்கள், எதிர்ப்பொருள்களைத் தயாரிப்பவை. 1983இல் பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் என்ற இருவர் இந்தப் புற்றுநோயைத் தனி வகையாக அடையாளம் காட்டினார்கள். உடனே ஒரு புதிர் எழுந்தது. தொண்டையில் டான்சில் இருக்கிறது. சிறுகுடலில் நிணநீர்த் திட்டுகள் இருக்கின்றன. ஆரோக்கியமான இரைப்பையிலோ அப்படிப்பட்ட நிணநீர்த் திசு எதுவும் இல்லை. தென்னையே இல்லாத தோட்டத்தில் தேங்காய் எப்படி விழுந்தது?

தென்னையை நட்டது ஹெலிகோபாக்டர். கிருமி இரைப்பையில் குடியேறியதும் உடல் தன் வெள்ளை அணுக்களை அங்கே அனுப்புகிறது. வழக்கமாகச் சில நாள்களில் போர் முடிந்து படை திரும்பிவிடும். சளிப்படலத்துக்குள் பதுங்கிய இந்தக் கிருமி சாவதில்லை, அதனால் படையும் திரும்புவதில்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே முகாம் போட்டு, டான்சிலைப் போன்ற ஒரு நிணநீர்த் திசுவையே இரைப்பையில் உருவாக்கிவிடுகிறது. முகாமுக்குள் பி அணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. ஒவ்வொரு பிரிவின்போதும் டிஎன்ஏ நகலெடுக்கப்படுகிறது. நகல் எடுக்க எடுக்கப் பிழையும் கூடுகிறது. ஏதோ ஒரு பி அணுவில் விழும் பிழை, மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகும் வலிமையை அதற்குக் கொடுத்துவிடுகிறது.

இது நம்பத்தகுந்த கதைதான். ஆனால் கதை நன்றாக இருப்பது சான்று ஆகாது. இந்த இடத்தில் அறிவியல் எப்படி நடந்துகொண்டது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1991இல் ஆண்ட்ரூ வோதர்ஸ்பூன், ஐசக்சன் குழுவினர் இந்தப் புற்றுநோய் கண்ட 110 பேரின் இரைப்பைத் துணுக்குகளைச் சோதித்தார்கள். 100க்கு 92 பேரிடம் கிருமி இருந்தது. போதுமா? போதாது. குற்றம் நடந்த இடத்தில் நின்றவரெல்லாம் குற்றவாளி ஆகிவிட மாட்டார். புற்றுநோயால் பாழான இரைப்பையில் கிருமி பின்னால் வந்து குடியேறியிருக்கலாம் அல்லவா?

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக் காலத்தில் பின்னோக்கிப் போக வேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் நார்வேயிலும் 2,30,000க்கு மேற்பட்ட மக்களின் இரத்த மாதிரிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துச் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. ஜூலி பார்சனெட் குழுவினர் அந்த மக்களில் பின்னாளில் இரைப்பை லிம்போமா வந்த 33 பேரைக் கண்டுபிடித்து, அவர்கள் நோயில்லாமல் இருந்த காலத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். கிருமி இருந்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 6 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அதோடு நிற்காமல், உடலின் வேறு பகுதிகளில் லிம்போமா வந்தவர்களின் பழைய இரத்தத்தையும் பார்த்தார்கள். அங்கே அப்படி ஒரு தொடர்பு இல்லை. 1994இல் வெளிவந்த ஆய்வு இது. முதலில் கிருமி, பிறகு புற்று, அதுவும் இரைப்பையில் மட்டும். அதே 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் பாக்டீரியாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைக் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. புகையிலையும் இருக்கும் பட்டியல் அது.

ஆனால் மிகத் துணிச்சலான சோதனை அதற்கு முந்திய ஆண்டே நடந்துவிட்டது. ஐசக்சனின் ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹஸல், நோயாளிகளிடமிருந்து எடுத்த லிம்போமா அணுக்களை வளர்ப்புத் தட்டில் வைத்தார். தனியே விட்டால் அவை வாடிச் செத்தன. கொல்லப்பட்ட ஹெலிகோபாக்டரைச் சேர்த்தால் பெருகின. டி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களைத் தட்டிலிருந்து நீக்கிவிட்டால், கிருமி இருந்தும் பெருகவில்லை. கிருமியைப் பார்த்து எச்சரிக்கை மணி அடிப்பவை டி அணுக்கள். அந்த மணியோசையில்தான் புற்று அணுக்கள் வளர்கின்றன. அப்படியானால் கிருமியைக் கொன்றால் மணி நின்றுவிட வேண்டும், புற்று பட்டினி கிடக்க வேண்டும். 1993இல் வோதர்ஸ்பூன் குழுவினர் ஆறு நோயாளிகளுக்கு ஆண்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு பேருக்கும் கிருமி அழிந்தது. ஐந்து பேருக்குப் புற்று மறைந்தது.

ஆறில் ஐந்து என்பது சிறிய எண்ணிக்கை. பிறகு பல நாடுகளில் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தொடக்க நிலையில் கண்டுபிடித்தால் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு ஆண்டிபயாட்டிக் மட்டுமே போதுமானதாக இருக்கிறது. ஒரே வாரத்தில் நடப்பதில்லை, மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். மீதிப் பேரில் பலரிடம் 11ஆம், 18ஆம் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிறழ்வு பற்றி நீங்கள் உயிரியலில் படித்தது நினைவிருக்கலாம். இந்தப் பிறழ்வு நடந்துவிட்டால் புற்று அணுவுக்கு வெளியே இருந்து மணியோசை தேவையில்லை, உள்ளேயே எந்நேரமும் மணி அடித்துக்கொண்டிருக்கும். அப்போது கிருமியைக் கொன்றும் பெரிதாகப் பயனில்லை. இந்த நோய்க்கு மாத்திரையால் மூடக்கூடிய ஒரு கதவு இருக்கிறது, அது எப்போதும் திறந்திருக்காது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவின் கதை உலக ஆய்வாளர்களையே வியக்க வைத்த ஒன்று. 1997இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கியான் லீ, வயிற்றுக் கோளாறு என்று எண்டோஸ்கோப்பிக்கு வந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் இந்தக் கிருமியைத் தேடினார். மலாய்க்காரரில் 100க்கு 16 பேரிடம் கிருமி இருந்தது. சீனரில் 48. இந்தியரில் 62. ஒரே நகரம், ஒரே மருத்துவமனை. கிளந்தானில் அறிவியல் பல்கலைக்கழகத்தார் 1994இல் வெளியிட்ட ஆய்விலோ, மக்களில் 100க்கு 5 பேருக்கும் குறைவாகவே கிருமி இருந்தது. உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று அது. ஒரே நாட்டுக்குள் இவ்வளவு வேறுபாடா?

2001இல் கோவும் நுண்ணுயிரியலாளர் பராசக்தி நவரத்தினமும் நாட்டின் பல பகுதிகளில் இரத்தச் சோதனை நடத்தி, இந்தக் கிருமி இனவாரியாகக் கைமாறி வந்திருக்கிறது என்று விளக்கினார்கள். பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, பெரியவரிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுகிறது. குடும்பங்கள் இனம் கடந்து அதிகம் கலக்காத நாட்டில் கிருமியும் அந்தந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. 2009இல் வெளிவந்த மரபணு ஆய்வு இன்னும் சுவையானது. மலேசிய இந்தியரின் கிருமிகள் இந்தியாவில் உள்ள கிருமிகளின் உறவுகள். சீனரிடம் இருப்பவை கிழக்காசிய வகை. மலாய்க்காரரிடம் இருப்பவையோ பெரும்பாலும் இந்தியரின் கிருமிகளுக்கு நெருக்கமானவை, அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தவை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குத் துறைமுகத்துக்கு ‘ரஜூலா’ கப்பலில் வந்த நம் தாத்தா பாட்டிகளின் வயிற்றில் இதுவும் பயணச்சீட்டு வாங்காமல் ஏறி வந்திருக்கும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிருமிக்கு இனம் தெரியாது. யார் வீட்டில் பிறந்தோமோ அந்த வீட்டில் இருந்தது நமக்கும் வந்தது, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு நாளை முதல் பாட்டியின் தட்டிலிருந்து சோறு வாங்கிச் சாப்பிட மாட்டேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பயப்படவும் வேண்டாம். உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்தக் கிருமியைச் சுமந்தவர்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எதுவுமே நேர்வதில்லை. இரைப்பைப் புற்றுநோய்களுக்குள் இந்த லிம்போமா வகை நூற்றில் சில மட்டுமே. நம் நாட்டிலேயே கிருமி அதிகம் இருப்பது இந்தியரிடம், வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்படுவது சீனரிடம். ஆகவே கிருமி மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. கிருமியின் வகை, உணவு, நம் மரபணு என்று பலவற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

அப்படியானால் நான் ஏன் சண்டைக்கு நிற்கிறேன்? நோய் அரிது என்றாலும் காரணம் தெரிந்திருக்கிறது, சோதனை எளிதாக இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. இவ்வளவும் கையில் இருக்கும்போது, கிருமி மிக அதிகமாக உள்ள ஒரு சமூகம் ‘கேஸ்ட்ரிக்’ என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டு வெள்ளை மருந்தைக் குடித்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. என் யோசனை எளியது. அதே வலிக்காக மூன்றாவது முறை வெள்ளை மருந்து வாங்கப் போகிறவருக்கு மருந்துக்கு முன் சோதனை செய்ய வேண்டும். வீட்டில் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அவருடைய பிள்ளைகளும் உடன்பிறப்புகளும் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் பேச வேண்டும். கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைதல், விழுங்க முடியாமை என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாருக்குமே சோதனை செய்து கிருமியை ஒழித்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் 2004 முதல் அப்படித்தான் செய்தார்கள், இரைப்பைப் புற்றுநோய் அங்கே குறைந்தது. ஆனால் அது இரைப்பைப் புற்றுநோய் மிகுந்த இடம், மக்கள்தொகையும் சிறியது. நம் நாட்டில் கோடிக்கணக்கானோருக்கு ஆண்டிபயாட்டிக்கை அள்ளிக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். இந்தக் கிருமிக்கு எதிரான முக்கிய மருந்துகளில் ஒன்றான கிளாரித்ரோமைசினுக்கு ஏற்கெனவே பல நாடுகளில் பலம் குறைந்து வருகிறது. ஆகவே காரணம் உள்ளவருக்குச் சோதனை, கிருமி இருந்தால் முழுச் சிகிச்சை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

‘முழு’ என்ற சொல்லை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மீண்டும் என் அம்மாதான். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, கை நிறைய மாத்திரை, இரண்டு வாரம். ஐந்தாம் நாளே வாயெல்லாம் இரும்பை நக்கியது போலக் கசக்கிறது என்றார். வலியும் நின்றுவிட்டது. மீதி மாத்திரைகளை அலமாரியில் வைத்துவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. சில மாதங்களில் எரிச்சல் திரும்பியது, சோதித்தால் கிருமி அப்படியே இருந்தது. இரண்டாம் சுற்றில் வேறு மருந்துகள் கொடுத்தார்கள், அவற்றில் பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பும் ஒன்று. மூன்றாம் நாள் மலம் மறுபடியும் கறுத்துவிட்டது. வீடே பதறிப்போய் மருத்துவமனைக்கு ஓடியது. பிஸ்மத் சாப்பிட்டால் அப்படிக் கறுக்கும், அது இரத்தம் இல்லை என்று தாதி சிரித்துக்கொண்டே சொன்னார். மருந்து கொடுத்த அன்றே அதையும் சொல்லியிருக்கலாம்.

இதையெல்லாம் பெரியவர்களிடம் சொல்லாமல் மாணவர்களாகிய உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிளினிக்கில் பாட்டிக்கு மொழிபெயர்ப்பாளர் நீங்கள்தான். பாரத்தை நிரப்புவதும், மருந்து உறையில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வதும் நீங்கள்தான். பாட்டி “கேஸ்ட்ரிக்” என்று சொல்லி முடித்ததும், “டாக்டர், குமான் எச். பைலோரி சுடா டிபெரிக்சா?” என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மாத்திரை தொடங்கிய பிறகு நாள்காட்டியில் 14 கட்டங்களைக் குறித்து வைத்து எண்ணுங்கள். வலி நின்றதை வைத்துக் கிருமி போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மறுசோதனை செய்ய வேண்டும்.

அந்தச் சோதனைக்குக் குழாய் எதுவும் வேண்டாம். என் அம்மா வெறும் வயிற்றோடு போய் ஒரு பையில் மூச்சை ஊதினார். பிறகு யூரியா கலந்த பானத்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். அந்த யூரியாவில் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான, கதிரியக்கம் இல்லாத கார்பன் இருக்கும். கிருமி இருந்தால் யூரியா உடைந்து, அந்தக் கனமான கார்பன் கரியமில வாயுவாக மூச்சில் வெளியே வந்துவிடும். அரைமணி நேரம் கழித்து இரண்டாவது பையை ஊதினார். இரண்டு பைக்கும் வேறுபாடு இல்லை என்று முடிவு வந்தது. அன்று மாலை அம்மா வழக்கத்தைவிட நாலு மிளகாய் கூடுதலாகப் போட்டுச் சம்பால் அரைத்தார்.